அறிக்கைக்காரி சொன்னதாக அச்சானது

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தன் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, அறிக்கைக்காரி தான் சொல்லாத ஒன்றைத் தான் சொல்லியிருப்பதாகப் படித்தாள்.

பொதுத்தொடர்புத் தொழில் செய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அது மாதம் ஒரு மடல் போடுகிறது. அவள் வேலை பார்க்கிற குடிநீர் வாரியத்துக்கு மூன்று பிரதி வரும். ஒன்றை இயக்குநர் அறைக்கு அனுப்பி, ஒன்றைக் கோப்பில் போட்டு, மூன்றாவதை அவள் டீ ஆறுவதற்குள் புரட்டுவாள். அன்று நான்காம் பக்கத்தைப் புரட்டினால் அவளுடைய முகமே அவளைப் பார்த்துச் சிரித்தது. 'அனைவருக்கும் இடம்' என்று சங்கம் புதிதாக ஒரு குழு அமைத்திருக்கிறதாம். சிறு சமூகங்களைச் சேர்ந்தவர்கள் சங்கத்துக்கு வருவதே இல்லையே, அவர்களை எப்படி வரவழைப்பது என்று யோசிக்கிற குழு. அதில் குடிநீர் வாரியத்தின் இன்னார் சேர்ந்துவிட்டாராம். கீழே அவர் சொன்னது: "நம்பிக்கையும் தண்ணீர் மாதிரிதான். தெருக்கோடி வீட்டுக் குழாய்வரை போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பேர் விநியோகம்." இப்படி அவர் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார் என்று முடிந்திருந்தது.

எப்போது தெரிவித்தாள்? யாரிடம்? அதிலும் மகிழ்ச்சி வேறு. போன வாரம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அப்போது யாராவது தொலைபேசியில் கேட்டு, இவள் உளறி வைத்தாளோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. நாட்குறிப்பைப் புரட்டினாள். கைப்பேசியில் வந்த அழைப்புகளைப் பார்த்தாள். பல் டாக்டரும், அக்காவும், வேண்டாத கடன் தருகிறேன் என்கிற ஒருத்தனும்தான் பேசியிருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று.

இன்னும் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. அவள் அந்தச் சங்கத்தில் உறுப்பினரே இல்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வாரியத்தில் அவளை எடுத்தது, தண்ணீர் வராத நாட்களில் ஒட்டுகிற அறிவிப்பை அவள் தாய்மொழியிலும் எழுதுவதற்கு. வாரியத்தில் நானூறு பேர். அவள் மொழி பேசுகிறவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் பள்ளம் தோண்டிக் குழாய் மாற்றுகிறவர்கள். அவள் சேர்ந்த மாதமே, ஊரில் பெரும்பாலோர் பேசுகிற பெரிய மொழியில் அறிக்கை எழுதுகிறவர் ஒருநாள் விடுப்பில் போனார். அவசரத்துக்கு இவள் எழுதிக் கொடுத்தாள். அவர் திரும்பி வந்த பிறகும் எல்லாரும் இவளிடமே வந்து நின்றார்கள். அன்று பிடித்துக்கொண்ட வேலை இன்னும் விடவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் பேசுவது அந்தப் பெரிய மொழியில்தான். அதை நான் அப்படியே எழுதினால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் வராது. ஆகவே எல்லாரையும் நம் மொழியிலேயே பேசவிடுகிறேன்.

குழாய் உடைந்தால், தண்ணீர் கலங்கினால், தொட்டி கழுவினால், எதற்கும் 'வருந்துகிறோம்' என்று தொடங்கி அவள் எழுதுவாள். கண்ணாடிக் கடையில் லென்சு அரைக்கிற அவள் கணவர் வீட்டில் அவளை வருந்துகிறோம் என்றுதான் கூப்பிடுவார். அதைவிடப் பெரிய வேலை இன்னொன்று: இயக்குநர் பேசுவதை எழுதுவது. திறப்பு விழாவில் பேசியது, பத்திரிகைக்குச் சொன்னது, இரங்கல் தெரிவித்தது எல்லாம் இவள் கைவரிசை. அவர் வாங்கி, பேனாவைத் திறந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடுவார். பத்தொன்பது வருடமாக அந்தப் பேனா இப்படித்தான் திறந்து மூடுகிறது. அடுத்தவர் வாயில் வார்த்தையை வைப்பதுதான் அவள் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் வாயில் யாரோ வார்த்தையை வைத்துவிட்டார்கள் என்றால் கோபம் வர வேண்டும். வரவில்லை. வரி நன்றாக இருந்ததுதான் தொல்லை. திரும்பப் படித்தாள். தான் தைத்த ரவிக்கையை வேறொருத்தி போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி என்னவோ போல இருந்தது.

இதில் அவளுக்கு என்ன போகிறது, பேசாமல் இருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல் வருகிறது. அவள் பிரிவின் தலைமை அலுவலர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், இன்னும் பதினொரு நாள். தகுதி என்று போட்டிருந்த நாலு வரியில் மூன்றை அவள் தூக்கத்தில்கூட நிறைவேற்றுவாள். நாலாவது, சங்கத்தின் முழு உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது. முழு உறுப்பினர் ஆக வேண்டுமானால் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற இரண்டு பேர், இவர் வேலை எங்களுக்குத் தெரியும் என்று எழுதி முன்மொழிய வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஒரு கிளப்பில் சங்கத்து விருந்து. ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது அங்கேதான். விருந்துக்குப் போக உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினர் ஆக வேண்டுமானால் விருந்துக்குப் போய்ப் பழகியிருக்க வேண்டும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அங்கே ஒருவர்கூட நினைத்ததில்லை. அவளை நினைத்ததே இல்லை.

இரண்டு தடவை விண்ணப்பம் போட்டாள். முதல் தடவை இயக்குநரிடம் முன்மொழியக் கேட்டபோது, "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம், நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு" என்றார். இரண்டாம் தடவை "பார்க்கலாம்" என்று படிவத்தை, காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். ஒரு மாதம் கழித்து அவளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற காகிதங்களுக்கு நடுவே அதையும் செருகிவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றி, செருகியும் விட்டாள். அவர் அறை வாசலில் நின்று உருவிக்கொண்டாள். திருட்டுத்தனம் அவளுக்கு வரவில்லை. முன்மொழிவுக் கட்டம் காலியாகவே இரண்டு விண்ணப்பமும் போயின. பதில் வரவில்லை.

அப்படியிருக்க, இப்போது உறுப்பினரா, இல்லையா? குழுவில் போட்டால் உறுப்பினர் ஆகிவிட்டதாகத்தானே அர்த்தம்? இல்லை, சும்மா படத்துக்கா?

படம் என்றதும் அவள் இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். ஒரே ஒரு விருந்துக்கு அவள் போயிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால், இயக்குநரின் பேச்சை எடுத்துக்கொண்டு. அங்கே ஆள் பற்றாமல், வாசலில் மேஜை போட்டு வருகிறவர்களுக்குப் பெயர் அட்டை கொடுக்கச் சொன்னார்கள். அன்று எடுத்த படம்தான் இது. அட்டை நீட்டிய கையையும் மேஜையையும் வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த முகத்தைப் பார்த்தால் விருந்தாளி மாதிரியே இருந்தது.

பதினொரு மணிக்குள் வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. கணக்குப் பிரிவிலிருந்து, மீட்டர் பிரிவிலிருந்து, அவள் பெயரை இத்தனை வருடமும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து. நன்றி சொன்னால் பொய். இல்லை என்றால் மடல் பொய். தொழிலில் அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற ஒரு விஷயம் உண்டு: தப்பான செய்திக்கு மறுப்பு விட்டால் ஒரு செய்தி இரண்டு செய்தி ஆகிவிடும். ஆகவே வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாக ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து வலி என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

குழாய்ப் பிரிவிலிருந்து அவள் மொழிக்காரர் ஒருவர் மஞ்சள் தொப்பியைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். வாரியத்தின் ஆண்டு அறிக்கைக்குப் படம் எடுக்கும்போதெல்லாம் அவள் அவரைத்தான் முன்வரிசைக்கு இழுத்துவருவாள். எல்லாச் சமூகத்தாரும் வாரியத்தில் இருக்கிற மாதிரித் தெரிய வேண்டுமே. நான் எதுக்குக்கா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். சும்மா நில்லுங்கண்ணே என்பாள்.

"பார்த்தேன்க்கா," என்றார் அவர். "இப்ப உங்களையும் நிறுத்திட்டாங்களா?"

அவர் குத்திக்காட்டவில்லை, பாவம், சந்தோஷமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. ஒன்பது வருடமாக அந்த மனிதரை வெயிலில் நிறுத்தியிருக்கிறாள். ஒரு தடவைகூடப் படத்தின் பிரதியை அவருக்குக் கொடுத்ததில்லை.

மதியம் இயக்குநர் கூப்பிட்டார். மேஜையில் மடல் விரித்துக் கிடந்தது. மனிதர் நல்லவர், அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றிலும் நடப்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

"சொல்லவே இல்லையேம்மா. நல்லா சொல்லியிருக்கீங்க. எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு சார்," என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மடலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. நீ சொன்னியா?"

"இல்லைங்க."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னதா போட்டிருக்கு."

"அது தெரியுது. நீ சொன்னியா?"

"சொல்லலைன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ஏன்டி, சொன்னவளுக்கே தெரியலைன்னா படிக்கிறவன் என்ன பண்ணுவான்?" தட்டை நகர்த்தி வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். "சரி, இப்ப நீ அந்தச் சங்கத்துல இருக்கியா, இல்லையா? அந்த வேலைக்கு எழுதிப் போடலாமா, கூடாதா? அதைச் சொல்லு வருந்துகிறோம்."

அதுதான் அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. அதற்குள் அக்கா தொலைபேசியில் வந்துவிட்டாள். அவள் தையல் கடை வைத்திருப்பவள். அளவெடுப்பதும் வெட்டுவதும் பேச்சிலும் அப்படியே.

"குடுத்தா வாங்கிப் போட்டுக்கோடி. கேட்டப்ப குடுத்தாங்களா? இப்ப அவங்களுக்கு வேணும், குடுக்கறாங்க."

"என் வேலைக்காகக் குடுக்கலையேக்கா. நம்ம ஆளுங்கன்னு குடுக்கறாங்க."

"இத்தனை வருஷம் எதுக்காகக் குடுக்காம இருந்தாங்க? உன் வேலைக்காகவா?"

அக்கா சொல்வது சரியென்று பட்டது. சரியென்று பட்டதும் அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? முகத்தைத் திருப்பினால் அந்த நாற்காலி என்ன அழவா போகிறது? கணவர் பாத்திரம் கழுவப் போனார். மனிதருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பாத்திரம் கழுவத் தெரியும்.

மறுநாள் மதிய இடைவேளையில் சங்கத்து அலுவலகத்துக்குப் போனாள். ஒரு பல்மருத்துவமனைக்கு மேலே இரண்டாம் மாடியில் இரண்டு அறை. இரும்பு அலமாரி, காகிதக் கட்டு, ஜன்னலோரம் வாடிய ஒரு செடி. செயலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. இவளைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கடிதம் கிடைச்சதா? எவ்வளவு சந்தோஷம்."

"எந்தக் கடிதம் மேடம்?"

செயலாளரின் முகம் மாறியது. மேஜையிலிருந்த கடிதத் தட்டில் தேடினார். நாலாவதாக அந்தக் கடிதம் இருந்தது: தங்களைக் குழுவுக்கு அழைக்க விரும்புகிறோம், தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும். தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. தலைவர் வெளியூரில். மடலில் போட வேண்டிய செய்திக்குக் கையெழுத்து தேவையில்லை. அது நேரே அச்சகத்துக்குப் போய்விட்டது.

நீங்களும் நானும் இதை நம்ப மாட்டோம். அறிக்கைக்காரி உடனே நம்பினாள். அவர்கள் தொழிலில் அப்படித்தான். நாளை திறக்கப்போகிற தொட்டியை நேற்றே திறந்து, கூட்டம் கைதட்டி, இயக்குநர் நெகிழ்ந்துபோனதாகவும் எழுதிவைத்துவிடுவார்கள். நடப்பது பிறகு மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும். ஒருமுறை தொட்டி திறக்காமலே அறிக்கை மட்டும் போய், இவளே மூன்று நாள் வருந்தியிருக்கிறாள்.

"மன்னிக்கணும்," என்றார் செயலாளர். "உங்ககிட்ட ஒப்புதல் வாங்கணும்னு சிவப்பு மையில குறிச்சுக்கூட வெச்சிருந்தேன்."

"பரவாயில்லை. நான் சொன்னதா ஒரு வரி இருக்கே, அது?"

"அது பழைய மடல்லேர்ந்து எடுத்தேன். ஒன்பது வருஷம் முன்னாடி உங்க இயக்குநர் சங்கத்துல சேர்ந்தப்ப சொன்னது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி. உங்க ஆபீஸ் வரிதானேன்னு பேரை மட்டும் மாத்தினேன். நீங்க ஒப்புதல் குடுக்கறப்ப வேற சொல்லிக்கலாம்னு." கட்டிவைத்த பழைய மடல் தொகுப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அதே வரி. மேலே இயக்குநர் படம். அவரும் மகிழ்ச்சியுடன்தான் தெரிவித்திருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு தெருவின் கடைசி வீடு. காலையில் முன்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பிடித்து முடித்த பிறகு இவர்கள் குழாயில் நூல் மாதிரி ஒழுகும். ஒரு வாளி நிறைய முக்கால் மணி நேரம். வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, இயக்குநருக்காக என்ன சொல்லலாம் என்று யோசித்தபோது வந்த வரி அது. பேருந்தில் நின்றுகொண்டே எழுதி முடித்தாள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

இவ்வளவையும் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தது யார் என்று வெளியே சொல்லக்கூடாது. அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"குழுவுல இருந்தா முழு உறுப்பினரா மேடம்?"

"இல்லை, அழைப்பு உறுப்பினர். ஓட்டு கிடையாது. முழு உறுப்பினர்னா ரெண்டு பேர் முன்மொழியணுமே. உங்க சமூகத்துலேர்ந்து யாருமே விண்ணப்பிக்கறதில்லை. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தக் குழுவே. நீங்கதான் சொல்லணும்."

"நான் ரெண்டு தடவை விண்ணப்பிச்சேன்," என்றாள்.

செயலாளர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில், 'குறைபாடுள்ளவை' என்று எழுதியிருந்த கோப்பில், இரண்டும் இருந்தன. முன்மொழிவு இல்லை என்று ஒரு முத்திரை. குழு கூடித் தேடப்போகிற பதில், குழு கூடுகிற மேஜையிலிருந்து நாலடி தூரத்தில் ஆறு வருடமாகக் கிடந்தது.

"எனக்கு வெட்கமா இருக்கு," என்றார் அவர். உண்மையாகவே முகம் சிவந்திருந்தது. "அடுத்த இதழ்லயே திருத்தம் போட்டுடறேன். நீங்க சேரலை, இந்த வார்த்தையும் நீங்க சொன்னது இல்லைன்னு. இன்னொண்ணும் சொல்றேன். உங்க இயக்குநர் முன்மொழிஞ்சா, வழிமொழியறது நான். ஆனா உங்க வேலை தெரிஞ்சவர் முதல்ல எழுதணும். நீங்க எழுதினதா உங்க பேர்ல ஒண்ணுகூட இல்லையே, நான் எதை வெச்சு எழுதுவேன்?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தத் திருத்தத்தை நீங்களே எழுதிக் குடுத்துடறீங்களா? வருத்தம் தெரிவிக்கறதுல உங்களை மாதிரி யாராலயும் முடியாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார்.

இப்படித்தான், தன்னைப் பற்றிய தவறுக்குத் தானே வருந்தி எழுதுகிற பொறுப்போடு அறிக்கைக்காரி படியிறங்கினாள். திருத்தம் வெளிவந்தால் அந்த வரி பழையபடி இயக்குநரிடம் போய்விடும். அவள் பெயரில் அச்சான ஒரே வரி. செய்தி முழுதும் பொய், அந்த ஒன்றுதான் உண்மை. அதையும் பொய் என்று அவளே எழுத வேண்டும். வாரியத்துக்குத் திரும்புகிற பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்த் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமைவரை எட்டுத் தடவை எழுதினாள். பழக்கமான வேலைதான். கை தானாக 'வருந்துகிறோம்' என்று தொடங்கும், அடித்துவிடுவாள். யார் வருந்துவது? எதற்கு? ஒன்பதாவது தடவை கடைசியில் இப்படி நின்றது:

"சென்ற இதழின் நான்காம் பக்கத்தில், குடிநீர் வாரியத்தில் அறிக்கை எழுதுபவர் சங்கக் குழுவில் சேர்ந்துவிட்டதாக வெளியான செய்தி தவறு. அவரை யாரும் கேட்கவில்லை. அவர் சங்கத்தின் உறுப்பினரும் அல்ல. இரண்டு முறை விண்ணப்பித்தும் அவருக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதாக வெளியான வார்த்தைகள் மட்டும் அவருடையவைதான். முன்பு அவை வேறொருவர் பெயரில் வெளியாயின. வருந்துகிறோம்."

எழுதி முடித்ததும் பயம் வந்தது. இதைச் சங்கத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த வேறொருவர் பார்க்க வேண்டும். பார்த்துக் கோபப்பட்டால் தலைமைப் பதவி போகட்டும், இருக்கிற நாற்காலியும் ஆடும். ஆனால் அவருக்குத் தெரியாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைய காகிதங்களோடு அதையும், புதிதாக ஒரு முன்மொழிவுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தத் தடவை நடுவில் செருகவில்லை. மேலே வைத்தாள்.

இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"சார், இதைப் படிங்க."

"பரவாயில்லைம்மா, நீங்க எழுதினதுதானே."

"அதனாலதான் சார். படிங்க."

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் படித்தார். மெதுவாகப் படிக்கிறவர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது. முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இதுல வேறொருவர்னு இருக்கறது நான்தானே?"

"ஆமா சார்."

"பேர் போடலையே."

"நம்ம தொழில்ல போடமாட்டோம் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இல்லைம்மா, எங்கயோ தப்பு நடந்திருக்கு. அந்த வரி நான் சொன்னது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. விருந்துல சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க. அது எனக்குத் தோணின வரி."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். முகத்தில் அவ்வளவு நிச்சயம் இருந்தது. ஒரு கணம் அறிக்கைக்காரிக்கே தடுமாறியது. ஒருவேளை அவர் சொல்லக் கேட்டுத்தான் எழுதினாளோ? வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது வேறொரு நாளோ? பத்தொன்பது வருடம் அவருக்காக யோசித்து யோசித்து, எது தன் மண்டையில் தோன்றியது, எது அவர் வாயில் வந்தது என்ற கோடே அழிந்துவிட்டதோ? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

"உங்களுக்குத் தெரியாதா? பெரிய தொட்டிக்குப் பக்கத்துல."

"தண்ணி எப்படி வரும் சார்?"

"அங்க என்னம்மா, குழாயைத் திறந்தா முகத்துல அடிக்கும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார். மடலை இழுத்து அந்த வரியைப் பார்த்தார். "அப்ப தெருக்கோடி வீடுன்னு இருக்கே. அது யார் வீடு?"

"எங்க வீடு சார்."

அவர் மடலை மூடி வைத்தார். அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. பாவமாக இருந்தது. அவரிடமிருந்த நல்ல பொருள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவளுடைய பொருள்தான், இருந்தாலும்.

"இதை அவங்க போடணுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"போடறதும் போடாததும் சங்கத்தோட இஷ்டம். நீங்க படிச்சா போதும்னு இருந்தது."

"போடட்டும்," என்று அதை ஓரமாக வைத்தார். அடியிலிருந்த படிவம் தெரிந்தது. அதையும் படித்தார், ஒவ்வொரு கட்டமாக. கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது: விண்ணப்பதாரரின் பணியை நீங்கள் எவ்வாறு அறிவீர்கள், உங்கள் சொந்த வார்த்தைகளில்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, வழக்கம்போல, மிகவும் இயல்பாக, "இங்க என்ன எழுதட்டும்? நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா," என்றார்.

அவள் கை பேனாவுக்கு நீண்டேவிட்டது. பத்தொன்பது வருடத்துப் பழக்கம், சும்மா போகுமா? மூன்று நல்ல வாக்கியங்கள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. கையை மடக்கிக்கொண்டாள்.

"இதை மட்டும் நீங்க எழுதுங்க சார்."

அவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். எழுதினார், அடித்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்கவைத்த பிள்ளை மாதிரி அவள் நின்றுகொண்டே இருந்தாள். சங்கம் அவளை அவள் சமூகத்துக்காகக் கூப்பிடுகிறதா, அந்த வரிக்காகவா, வெட்கத்துக்காகவா என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. பதவி கிடைக்குமா என்பதும் தெரியாது. இருபது நிமிடம் கழித்து அவர் படிவத்தை நீட்டினார்.

"இவரைப் பத்தொன்பது வருடமாகத் தெரியும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். நன்றாக எழுதுவார். நான் பேசியதெல்லாம் இவர் எழுதியது," என்று கோணல்மாணலாக இருந்தது.

'தெரியும் என்று தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதை யார் எழுதிக் கொண்டுவந்தாலும் அவள் அங்கேயே அடித்துவிடுவாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திரும்பக் காதிலேயே செருகிக்கொண்டு, படிவத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டினாள்.